பாதி மொழிபெயர்ப்பு

சித்தி வீட்டில் ஒரே ஓர் ஆங்கில நாவல்தான் உண்டு. சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில், தம்பியின் கணிதப் பயிற்சி நூல்களுக்கு நடுவே செருகியிருக்கும். நீல அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாய் இரண்டு மேகங்கள். ஜான் கிரீன் எழுதி 2012இல் வெளிவந்த 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. தம்பியின் வகுப்பில் படித்த சீனப் பெண் ஒருத்தி இரவல் கொடுத்தது. அவன் போன பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். அவள் கையை நீட்டவே இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு, வாசலிலேயே நின்று அழுதாள்.

புத்தகத்துக்குள் ஒரு மருத்துவமனை அட்டை இருக்கிறது. அடுத்து வரவேண்டிய தேதியைத் தாதி எழுதிக் கொடுப்பாரே, அந்த அட்டை. அது ஆம்ஸ்டர்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்கு மேல் அவன் படித்தானா, படித்துவிட்டுத் திரும்பி வந்து அங்கே வைத்தானா என்பது எனக்குத் தெரியாது.

நாவலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தம்பியை விட்டுவிட்டு அந்த நாவலைப் பற்றி என்னால் ஒரு பத்தி கூட எழுத முடியவில்லை. ஐந்தாறு முறை முயன்று அழித்துவிட்டேன். ஆகவே இரண்டும் கலந்தே வரும்.

அவன் என் சித்தி மகன். சித்தப்பா லோரி ஓட்டியவர், அவன் ஏழு வயதாக இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். சித்தி கிள்ளானில் ஒரு கையுறை ஃபேக்டரியில் வேலை. படிவம் நான்கில் படிக்கும்போது அவனுக்கு வலது முழங்கால் வலித்தது. காற்பந்து ஆடுகிறவனுக்கு முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்தோம். சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போனோம். இரண்டு மாதம் அவர் உருவினார். ராத்திரியில் வலி கூடுகிறது என்று அவன் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்கிற வயது, எலும்பு நீளுகிறது, அதுதான் வலிக்கிறது என்று அம்மா சொன்னார். அதில் ஒரு பாதி உண்மை இருந்தது என்பதுதான் கொடுமை. ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று பதின்ம வயதில், எலும்பு வேகமாக வளரும் காலத்தில்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் முழங்காலைச் சுற்றித்தான் வருகிறது.

ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துச் சோதித்து, கீமோ தொடங்கினார்கள். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து ரோஸ் சிரப் மாதிரி சிவப்பாக இருக்கும். அது ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். "அக்கா, நான் இப்ப பண்டோங் கடை" என்று சிரித்தான். 2013 கடைசியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். எடுத்த பிறகும் மூன்று மாதம் கீமோ. முடி திரும்ப முளைத்தது. முதலில் வந்தது சுருள் முடி. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

2014 நடுவில் இருமல் வந்தது.

அந்த அறையை இப்போதும் வரைந்து காட்டுவேன். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம். டாக்டர் முதலில் சித்தியிடம் மலாயில் பேச ஆரம்பித்தார். சித்திக்குத் தெரிந்தது பாசார் மலாய், மீன் விலை கேட்கிற அளவு. இரண்டு வாக்கியத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தெரியும் என்று பெருமையாகவே தலையாட்டினேன். தம்பி வெளியே நடைபாதையில் சக்கர நாற்காலியில் இருந்தான். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறது, ஒன்றிரண்டு அல்ல, நிறைய. இனி கீமோ கொடுத்தால் உடம்புதான் கெடும், நோய் நிற்காது. இனி எங்கள் வேலை அவனுக்கு வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. மாதக்கணக்கில்தான் சொல்ல முடியும். டாக்டர் நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் முகத்தைப் பார்த்தார், மொழிபெயர்க்கட்டும் என்று.

நான் சித்தியிடம் சொன்னது இது: "நெஞ்சுல கொஞ்சம் இருக்காம் சித்தி. கீமோ போதுமாம். இனிமே வீட்டுலயே குடிக்கிற மருந்து தராங்களாம்."

ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அந்த மருந்து மார்ஃபின்.

அவருக்குப் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். புரிந்தது என்றேன். சித்தி எழுந்து கைகூப்பினார். வெளியே வந்ததும் தம்பியின் தலையைத் தடவி, "பாத்தியா, வீட்டுக்கே விடுறாங்க" என்றார். அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் என்று அங்கேயே நின்று வேண்டிக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்தான். அவன் ஆங்கிலத்தில் எப்போதும் ஏ எடுக்கிறவன். என்னைவிட நன்றாகப் பேசுவான்.

அன்று ராத்திரி கேட்டான். "டாக்டர் சொன்னத ஏன்க்கா பாதிதான் சொன்ன?"

நான் பதில் சொல்லவில்லை.

"பரவால்ல லா. அப்படியே இருக்கட்டும். அம்மாகிட்ட சொல்லாத." சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்மாவுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாதே. நான் இல்லாட்டி பசாருக்கு எப்படிப் போவாங்க?" என்றான்.

நாவலை நான் படித்தது அவன் இறந்து பத்து மாதம் கழித்து. முதல் ஐம்பது பக்கம் எரிச்சலாகத்தான் இருந்தது. கதை சொல்கிற ஹேசலுக்குப் பதினாறு வயது. தைராய்டில் தொடங்கிய புற்று நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது. மூக்கில் குழாய், கூடவே இழுத்துக்கொண்டு போக ஒரு ஆக்சிஜன் உருளை. அம்மாவின் கட்டாயத்தில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் ஆதரவுக் குழுவுக்குப் போகிறாள். அங்கே அகஸ்டஸைச் சந்திக்கிறாள். பதினேழு வயது, கூடைப்பந்து ஆடியவன். ஆஸ்டியோசார்கோமாவில் ஒரு காலை இழந்தவன். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்று வேறெதுவும் செய்யவில்லை. தம்பி இதை எந்த மனதோடு படித்திருப்பான்?

எரிச்சலுக்குக் காரணம் அந்தப் பிள்ளைகளின் பேச்சு. பதினாறு வயதில் யாராவது இப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் செதுக்கிச் செதுக்கிப் பேசுவார்களா? பல விமர்சகர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அதே கருத்துதான். அகஸ்டஸ் பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு தத்துவ விளக்கம் கொடுக்கும் இடத்தில், தம்பி இருந்தால் "சும்மா படம் காட்டுறான்" என்று சொல்லியிருப்பான். அதைவிட மோசம், ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்கின் வீட்டில் இருவரும் முத்தமிட்டுக்கொள்ள, சுற்றியிருக்கும் சுற்றுலாப் பயணிகள் கைதட்டுவது. அந்த வீட்டில், அந்தக் காரியம், அந்தக் கைதட்டல். ஜான் கிரீன் அதை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் அதற்குச் சற்று முன்பு, அந்த வீட்டின் செங்குத்தான படிகளில் ஹேசல் ஆக்சிஜனோடு மூச்சு வாங்க வாங்க ஏறுவது இருக்கிறதே, அது உண்மை. படி என்றால் என்ன என்று நோயாளிக்குத்தான் தெரியும். சித்தி வீட்டுக்கு முன்னால் இரண்டே இரண்டு படி. அந்த இரண்டு படியைப் பற்றி நான் தனியாக ஒரு கட்டுரை எழுத முடியும்.

நாம் நோயைப் பற்றிக் கற்றது சினிமாவில். 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டும் 1982இல் வந்தவை. சித்தி அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்த சிறுமி. இரண்டையும் வீடியோவில் எத்தனை முறை பார்த்தாரோ, அவருக்கே கணக்குத் தெரியாது. மணிரத்னத்தின் 'இதயத்தைத் திருடாதே'யும் அப்படித்தான். 1989இல் தெலுங்கில் எடுத்து, தமிழுக்கு வந்த படம். அதில் நாயகன், நாயகி இருவருமே சாகக் காத்திருப்பவர்கள். ஜான் கிரீனுக்கு இருபது வருடம் முன்பே நம்மிடம் அந்தக் கதை இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் நம் படங்களில் புற்று வந்தவனுக்கு வாந்தி நாறாது. மலச்சிக்கல் வராது. இருமினால் கைக்குட்டையில் ஒரு பொட்டு ரத்தம், உடனே ஒரு பாட்டு. தம்பிக்கு மார்ஃபினோடு கூடவே மலமிளக்கி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். காரணம், மார்ஃபின் குடலைக் கட்டிப்போட்டுவிடும். அந்த இரண்டாவது பாட்டிலுக்கு எந்தப் படத்திலும் இடம் கிடையாது.

இந்த நாவலில் உண்டு. அதனால்தான் எரிச்சலையும் மீறி மேலே படித்தேன். ஜான் கிரீன் எழுத்தாளராகும் முன் ஒஹையோவில் ஒரு சிறுவர் மருத்துவமனையில் சில மாதங்கள் ஆன்மீக உதவியாளராக இருந்தவர். அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு கதையை எழுத முயன்று, சரியாக வராமல் பல வருடம் கிடப்பில் போட்டிருந்தார். பிறகு எஸ்தர் ஏர்ல் என்ற வாசகி அவருக்குத் தோழியானாள். தைராய்டு புற்றால் 2010இல் பதினாறு வயதில் இறந்தாள். நாவல் அவளுக்குத்தான் சமர்ப்பணம். ஹேசல் அவள் அல்ல என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார். ஆனாலும் எங்கோ ஓர் உண்மையான உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுதியது என்பது சில பக்கங்களில் தெரிந்துவிடுகிறது.

பெட்ரோல் நிலையக் காட்சி அதில் ஒன்று. அகஸ்டஸுக்கு நோய் திரும்பி, உடம்பெங்கும் பரவிவிட்டது. வயிற்றில் உணவுக்குழாய். ஒரு நள்ளிரவில் ஹேசலுக்கு அவனிடமிருந்து அழைப்பு. யாருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். குழாய் போட்ட இடம் புரையோடி, மேலெல்லாம் வாந்தி, வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. அவசர வண்டியைக் கூப்பிடாதே என்று அவளிடம் கெஞ்சுகிறான். எதற்காக வந்தான்? ஒரு சிகரெட் பெட்டி வாங்க. பிறர் வாங்கித் தர மாட்டார்கள் என்பதற்காக அல்ல, ஒரு காரியத்தையாவது தானே போய்ச் செய்ய வேண்டும் என்பதற்காக. முன்னால் நான் கேலி செய்த அதே சிகரெட்தான். இந்த இடத்தில் தத்துவம் எல்லாம் கழன்று விழுந்துவிடுகிறது. வீரமாக நோயோடு போராடிய இளைஞன் என்று பிறகு எல்லாரும் எழுதப்போகும் படிமத்தை ஜான் கிரீன் அந்தக் காரின் இருக்கையிலேயே கிழித்துப் போடுகிறார். வாசகரை அழவைக்கும் நாவல் என்று இதற்குப் பெயர். எனக்கு அங்கே அழுகை வரவில்லை. கோபம் வந்தது. தம்பி கடைசி மாதத்தில் கழிப்பறைக்குள் கொண்டி போட்டுக்கொண்டு, கீழே விழுந்து, முக்கால் மணி நேரம் கதவைத் திறக்காமல் இருந்தானே, அந்தக் கோபம்.

நாவலின் தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்திலிருந்து வருகிறது. குற்றம் நட்சத்திரங்களில் இல்லை, நம்மிடம்தான் என்று காஷியஸ் புரூட்டஸிடம் சொல்வான். ஜான் கிரீன் அதைத் திருப்பிப் போடுகிறார். சில குற்றங்கள் நட்சத்திரங்களுடையவைதான், அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் நட்சத்திரம் என்றால் உவமை இல்லை. தம்பிக்குப் பூச நட்சத்திரம், கடக ராசி. இப்போது சனி எங்கே இருக்கிறது, எப்போது விலகும் என்று சித்தி இரண்டு ஜோசியர்களிடம் கேட்டு, பரிகாரத்துக்கு எழுநூறு வெள்ளி கொடுத்திருந்தார். நட்சத்திரத்தின் மேல் குற்றத்தைப் போடுவது சித்திக்கு ஒரு வகையில் நிம்மதி. இல்லாவிட்டால் குற்றம் சுளுக்கு எடுத்த அந்த இரண்டு மாதத்தின் மேல் வந்து உட்காரும்.

ஹேசலுக்கு ஒரு நாவல் மேல் பைத்தியம். பீட்டர் வான் ஹூட்டன் என்பவர் எழுதியது. எழுத்தாளர், நாவல் இரண்டுமே கற்பனைதான். ஆனா என்ற நோயுற்ற சிறுமி சொல்லும் கதை, ஒரு வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் ஹேசல் ஆம்ஸ்டர்டாம் வரை போகிறாள். ஆனாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை, அது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கு என்ன ஆயிற்று? வளர்த்த வெள்ளெலிக்கு என்ன ஆயிற்று? குடிகாரராகிவிட்ட அந்த எழுத்தாளர் பதில் சொல்லாமல் அவமானப்படுத்தி அனுப்பிவிடுகிறார்.

அவள் ஏன் அதையே கேட்கிறாள் என்பதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வயதில் அவள் சாகக் கிடந்தபோது, இனி நான் அம்மாவாக இருக்கப்போவதில்லையே என்ற பொருளில் அவளுடைய அம்மா அழுததைக் கேட்டுவிட்டாள். அதை வருடக்கணக்காக மனதிலேயே வைத்திருக்கிறாள். கடைசிப் பகுதியில் ஒரு சண்டையில் அது வெடிக்கிறது. அப்போதுதான் அம்மா ஒப்புக்கொள்கிறார், சமூகப்பணியில் முதுகலைப் படிப்புக்கு ரகசியமாகப் படித்துக்கொண்டிருப்பதாக. நீ இல்லாத வாழ்க்கையை நாங்கள் யோசிக்கிறோம் என்று நீ நினைத்துவிடக் கூடாது, அதனால் மறைத்தேன் என்கிறார். ஹேசலுக்கு வருத்தம் இல்லை. நாவல் முழுக்க இல்லாத சந்தோஷம் அவளுக்கு அங்கே வருகிறது.

அந்தப் பக்கத்தில்தான் நான் அழுதேன்.

ஏனென்றால் 2014 ஆகஸ்டில் தம்பி ஒரு பிடிவாதம் பிடித்தான். சித்தப்பாவின் பழைய ஹொண்டா இஎக்ஸ்5 மோட்டார் போர்ச்சில் கிடந்தது. கால் போகும்வரை அதை அவன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான், லைசன்ஸ் இல்லாமல்தான். அதை ஓட்டக் கற்றுக்கொள் என்று அம்மாவை நச்சரித்தான். சித்திக்கு அப்போது நாற்பத்தி இரண்டு வயது. சைக்கிள் மட்டும் ஓட்டுவார். "எனக்கு எதுக்குடா இந்த வயசுல?" என்று இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் சேலையை மாற்றிவிட்டுப் பழைய காற்சட்டையோடு வந்து நின்றார்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவனை உட்கார வைப்பேன். ஆக்சிஜன் மெஷின் உள்ளேயிருந்து நீளக் குழாயில் வரும். இஎக்ஸ்5க்குக் கையில் கிளட்ச் கிடையாது, காலால் கியர் மாற்றினால் போதும். "முன்னால அமுக்கு. ஒண்ணு. கேஸ் மெதுவா. மா, கீழ பாக்காத, ரோட்டப் பாரு." சித்தி அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால் போய், முட்டுச்சந்தில் திரும்பி, வருவார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி வாசலில் நின்று கைதட்டுவார். தம்பிக்கு மூச்சு வாங்கும். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துத்தான் பேச முடியும். "திரும்புறதுக்கு முன்ன... பின்னால பாரு... கண்ணாடிய மட்டும் நம்பாத." நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சித்திக்குத் தெரியாது, மகன் ஆசைக்கு விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் வரை பாடம் நடந்தது. அக்டோபரில் அவன் போய்விட்டான். எஸ்பிஎம் தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தன.

அந்த மொழிபெயர்ப்பை நான் மூன்று வருடம் சுமந்தேன். சித்திக்குத் தெரிந்திருந்தால் அந்த மாதங்களை வேறு விதமாக வாழ்ந்திருப்பாரோ, ஓ.டி. வேலைக்குப் போகாமல் இருந்திருப்பாரோ, மகனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருப்பாரோ என்று. 2017இல் ஒருநாள் அவருக்குத் தோசைக்கு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது இது, நான் சொன்னது இது என்று.

சித்தி மாவை வழித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "எனக்கு அன்னிக்கே தெரியும்லா" என்றார்.

எப்படி? வெளியே வந்தபோது தாதி கையில் கொடுத்த அட்டை. அதில் 'பாலியாத்திஃப்' என்று அச்சடித்திருந்தது. ஃபேக்டரியில் கூட வேலை செய்த ஒரு மலாய்ப் பெண் தன் கணவருக்கு அதே அட்டையைத்தான் பையில் வைத்திருந்தாராம். "அவ புருஷன் நாலு மாசத்துல போயிட்டாரு. அதனால தெரியும்."

"அப்ப ஏன் சித்தி பால்குடம் வேண்டிக்கிட்டீங்க?"

"நீ பாவம். படிக்கிற பிள்ள. உன் மொகத்த பாத்தேன், நான் நம்பலன்னா நீ அங்கேயே விழுந்துடுவ போல இருந்துச்சு."

அன்று வீட்டுக்குப் போகும் முன் கீழ்த்தட்டிலிருந்து நாவலை எடுத்து, அந்த அட்டையைப் பார்த்தேன். அதே அட்டைதான். அச்செழுத்து தெளிவாகத்தான் இருந்தது. படிக்கக் கூடியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

நோயாளியிடம் எல்லாவற்றையும் திறந்து பேசிவிட வேண்டும் என்பதற்கு இந்த நாவலை உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாம் பேசுகிற அந்த இண்டியானாபொலிஸ் வீட்டிலும் அம்மா படிப்பை மறைக்கிறார், மகள் கேட்டுவிட்ட அழுகையை மறைக்கிறாள், அகஸ்டஸ் நோய் திரும்பியதைப் பயணம் முடியும்வரை மறைக்கிறான். வித்தியாசம், அவர்கள் கடைசியில் ஒருநாள் உடைத்துப் பேசிவிடுகிறார்கள். நாங்கள் மூன்று பேரும் கியர் மாற்றுவதைப் பற்றி மட்டும் பேசினோம். அது போதுமாக இருந்ததா என்று சித்தியிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. போதவில்லை என்று சொல்லிவிட்டால்?

சித்தி 2015இல் மோட்டார் லைசன்ஸ் எடுத்தார். போன தீபாவளிக்கு முறுக்கு டின்னைக் கூடையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு அதே இஎக்ஸ்5இல் வந்தார். தெருமுனையில் வரும்போதே இன்ஜின் கத்துகிற சத்தம் கேட்டது. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும், "ஏன் சித்தி, வண்டி இப்படிக் கத்துது?" என்று கேட்டேன்.

"மூணுலயே வந்தேன். நாலாவது கியர் அவன் சொல்லிக் குடுக்கல. அந்த ரோடு அவ்வளவு நீளம் இல்ல."